உங்களுக்குத் தெரியுமா? வாட்ச் கண்ணாடி: அக்ரிலிக்கா, சஃபையரா?

◆ வீட்டில் அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா இருந்தால் அதன் டயலை உற்றுப் பாருங்கள். '17 ஜூவல்ஸ்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். பழைய ஆட்கள் '17 கல் வாட்ச்' என்பார்கள். கல் என்றால் செயற்கை மாணிக்கம். உள்ளே சக்கரங்களின் அச்சுமுனை சுழலும் குழிகளில் அதைப் பதித்திருப்பார்கள். மாணிக்கமும் நீலக்கல்லும் ஒரே கனிமம்தான்: அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்து இறுகிய குருந்தக்கல். குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். எதுவும் கலக்காவிட்டால் நிறமே இல்லாத பளிங்கு. அந்தப் பளிங்கை வட்டமாக அறுத்து வாட்சின் முகத்தில் வைத்தால் அதுதான் சஃபையர் கண்ணாடி. ஜனதாவில் குருந்தக்கல் உள்ளே இருக்கிறது, மேலே அக்ரிலிக் பிளாஸ்டிக் இருக்கிறது. அக்ரிலிக் மலிவு என்பது உண்மை. ஆனாலும் ஓயாத உராய்வு இருக்கும் இடத்தில் கல், அடிபடும் இடத்தில் பிளாஸ்டிக் என்ற அந்த ஏற்பாட்டில் நல்ல பொறியியல் இருக்கிறது. வாட்ச் கண்ணாடி தேர்ந்தெடுக்கப் போகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியதும் அதுதான்: என் கைக்கு வருவது உராய்வா, அடியா?

◆ கல்லைத் துளைத்துக் கடிகாரத்துக்குள் பதிக்கும் முறைக்கு 1704லேயே லண்டனில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். அதைப் பெற்றவர்களில் ஒருவர் சுவிஸ் கணித மேதை நிக்கோலா ஃபாசியோ. அப்போது பதித்ததெல்லாம் அசல் கற்கள்.

◆ தூத்துக்குடியிலிருந்து கடலைத் தாண்டினால் இலங்கை. அங்கே இரத்தினபுரியில் சேற்றையும் சரளையையும் அள்ளிக் கூடையில் அலசி நீலக்கல் எடுப்பது இன்றும் நடக்கிறது. நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் 563 காரட் 'ஸ்டார் ஆஃப் இந்தியா' பெயரில்தான் இந்தியா, பிறப்பில் இலங்கைக் கல். ஆனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வாட்சானாலும் அதன் சஃபையர் கண்ணாடி சுரங்கத்திலிருந்து வந்ததாக இருக்காது. 1902ல் ஓகுஸ்ட் வெர்னூய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் ஒரு வழியைச் சொன்னார். சுத்தமான அலுமினா தூளை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிய தீச்சுடர் வழியாகத் தூவ வேண்டும். உருகிய துளிகள் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரே படிகமாக வளரும். சில மணி நேரத்தில் கட்டி தயார். வளர்ப்பதைவிட அறுப்பதும் மெருகேற்றுவதும்தான் பெரும்பாடு. குருந்தக்கல்லை அறுக்க வைரம் பதித்த ரம்பம் வேண்டும், மெருகேற்ற வைரத்தூள் வேண்டும். தட்டையான சஃபையரைவிடக் குவிந்த சஃபையர் விலை கூடுதலாக இருப்பதற்கு இந்த உழைப்புதான் காரணம்.

◆ இனி நம் கடற்கரைக்கு வருவோம். 1812ல் ஃப்ரீட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் எந்தக் கனிமம் எதைக் கீறும் என்று பார்த்து 1 முதல் 10 வரை வரிசை போட்டார். வைரம் 10, குருந்தக்கல் 9. சாதாரண வாட்ச்களில் வரும் மினரல் கண்ணாடி 5.5 முதல் 6. அக்ரிலிக் 3 பக்கம். மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸ் 7.

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை மணலில் குவார்ட்ஸ் மட்டும் இல்லை. வேம்பார், வைப்பார் தொடங்கிப் பெரியதாழை வரை பல இடங்களில் அலை ஒதுக்கிய மணலில் கறுப்பும் செம்மையுமாகப் பட்டை பட்டையாகத் தெரியும். கறுப்பில் பெரும்பகுதி இல்மனைட், செம்மை கார்னெட். கூடவே சிர்கானும் உண்டு. இந்தக் கனிமங்களுக்காக நடந்த மணல் அள்ளல்தான் 2013ல் பெரும் சர்ச்சையாகித் தடையில் போய் நின்றது. கார்னெட்டின் கடினம் 6.5 முதல் 7.5, சிர்கான் 7.5. கார்னெட் தூளைக் காகிதத்தில் ஒட்டினால் உப்புத்தாள். தண்ணீரோடு சேர்த்து அதிவேகமாகப் பீய்ச்சினால் இரும்புத் தகட்டையே அறுக்கும். அப்படிப்பட்ட மணல் ஒட்டிய கையை வாட்ச் மேல் வைத்துத் துடைத்தால் அக்ரிலிக்கும் கீறும், மினரல் கண்ணாடியும் கீறும். சஃபையர் மட்டும் கீறாது. கடற்கரையிலேயே பிழைப்பு நடத்துகிறவர் சஃபையர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சிக்கலில் மாட்டுவது நடுவில் நிற்கும் மினரல் கண்ணாடிதான். மணல் அதைக் கீறவும் செய்யும், விழுந்த கீறலை வீட்டில் தேய்த்துப் போக்கவும் முடியாது.

◆ உப்பு வாட்ச் கண்ணாடியைக் கீறுமா? கீறாது. உப்புப் பரலின் கடினம் 2.5க்குள்தான், அக்ரிலிக்கைவிட மென்மை. உப்பளத்தில் வேலை செய்கிறவரின் வாட்ச் கெடுவது வேறு வழியாக. சாவித் திருகின் ஓரத்திலும் பின்மூடியின் இடுக்கிலும் உப்புநீர் இறங்கி உலோகத்தை அரிக்கும். அவர் கண்ணாடியைவிட ரப்பர் வாஷருக்குச் செலவழிப்பது நல்லது.

◆ அக்ரிலிக்குக்கு உண்மையான எதிரி அசிட்டோன். ஃபைபர் படகு கட்டுகிற பட்டறைகளில் பிசின் ஒட்டிய பிரஷையும் கையையும் கழுவ வைத்திருப்பார்களே, அதுதான். ஒரு துளி பட்டால் அக்ரிலிக் மேற்பரப்பு இளகிப் பால் பூத்ததுபோல் ஆகிவிடும். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்திலும் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. தின்னரும் ஆகாது. சானிடைசரில் உள்ள ஆல்கஹால் அடிக்கடி பட்டாலும் நாளடைவில் மயிரிழை விரிசல்கள் கிளம்பும். சஃபையரை இவை எதுவும் தொடாது.

◆ அக்ரிலிக்கில் விழுந்த கீறலைப் பற்பசை போக்கும் என்பது கட்டுக்கதை இல்லை. பல வெள்ளைப் பற்பசைகளில் தேய்ப்புப் பொருளாக இருப்பது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புத் தூள். அதன் கடினமும் 3தான். அக்ரிலிக்கும் அதே கடினம் என்பதால் புதுக் கீறல் போடாமல் பழைய கீறலின் விளிம்பை மெல்ல மழுக்கிக்கொண்டே வரும்.

செய்முறை இப்படி. கண்ணாடியைச் சுற்றியுள்ள உலோக விளிம்பில் செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். சாவித் திருகு அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய வேட்டித்துணி ஒரு துண்டு, அதில் பட்டாணி அளவு பசை. முதலில் கீறலுக்குக் குறுக்காகவும் பிறகு வட்டமாகவும் அழுத்தாமல் தேய்க்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். முதலில் கண்ணாடி முழுக்க மங்கலாகத் தெரியும். பயப்பட வேண்டாம். நுண்ணிய கீறல்கள் முதலில் மறையும், பிறகு நடுத்தரமானவை. நகம் வைத்தால் தட்டுப்படுகிற ஆழமான கீறலுக்கு மட்டும் 2,000 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து லேசாக இழைத்துவிட்டு, அப்புறம் பசைக்கு வர வேண்டும். பழைய வாட்சில் தண்ணீர் தாராளமாகப் படக்கூடாது, ஈரத்துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலையில் டயல் தெளிந்து மேலே வரும்.

சஃபையரில் இந்த வித்தைக்கு இடமே இல்லை. அதில் கீறல் விழுவது அபூர்வம், விழுந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

◆ அதே பற்பசையால் முத்துமாலையைத் தேய்த்துவிடாதீர்கள். முத்தின் கடினமும் அக்ரிலிக்கை ஒட்டியதுதான், 2.5 முதல் 4.5. முத்தின் அழகு முழுவதும் மேல்படலத்தில் இருக்கிறது. அதைத் தேய்த்தெடுத்தால் திரும்ப வராது. வியர்வையும் சென்ட்டும்கூட அதற்கு ஆகாது. வாட்ச் டயலுக்குச் சிப்பி ஓட்டைச் சீவிப் பதிக்கும் வழக்கம் உண்டு. அந்த டயலுக்கு மேலே எந்தக் கண்ணாடி இருந்தாலும் சரி, உள்ளே ஈரம் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம்.

◆ முத்து ஏன் மின்னுகிறது? சிப்பிக்குள் படியும் அரகோனைட் தகடுகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மைக்ரான் தடிமன். ஒளி அலையின் நீளமும் அந்த அளவுதான். அடுக்கடுக்காகத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேர்ந்து சில நிறங்கள் தூக்கலாகத் தெரிகின்றன. சர் சி.வி. ராமன் நோபல் பரிசு வாங்கிய பிறகு, 1930களில் சிப்பி ஓடுகளின் இந்த வண்ணங்களை ஆராய்ந்து வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார்.

சஃபையர் கண்ணாடியின் பெரிய குறையைத் தீர்ப்பதும் இதே இயற்பியல்தான். சஃபையர் ஒளியை அதிகமாக வளைக்கும், அதனால் அதிகமாகத் திருப்பியும் அனுப்பும். பூச்சு இல்லாத சஃபையரின் இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 15 சதவீத ஒளி டயலைக் காட்டாமல் வானத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அக்ரிலிக்கில் இது 8 சதவீதத்துக்குள். உச்சி வெயிலில் தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் நின்று மணி பார்த்தால் வித்தியாசம் தெரியும். 1935ல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா என்பவர் கண்ணாடிமேல் மெல்லிய படலம் ஏற்றி இந்தப் பிரதிபலிப்பைக் குறைத்துக் காட்டினார். முத்தில் படலங்கள் ஒளியைக் கூட்டுகின்றன, இதில் கழிக்கின்றன. சஃபையர் வாங்கும்போது இந்தப் பூச்சு உள்பக்கம் மட்டும் இருக்கிறதா, வெளிப்பக்கமும் இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிப்பூச்சு சஃபையரைவிட மென்மையானது, அதில் கீறல் விழும். பார்ப்பவர்கள் சஃபையரே கீறிவிட்டதாக நினைப்பார்கள். என்னைக் கேட்டால் உள்பக்கப் பூச்சு போதும்.

◆ நிலாவில் நடந்த மனிதர் கையில் கட்டியிருந்தது அக்ரிலிக் வாட்ச். ஒமேகா ஸ்பீட்மாஸ்டரை 1965 மார்ச் 1 அன்று நாசா விண்வெளிப் பயணத்துக்குத் தகுதியானது என்று ஏற்றது. 1969 ஜூலையில் பஸ் ஆல்ட்ரின் அதைக் கட்டிக்கொண்டு நிலாவில் இறங்கினார். அதன் கண்ணாடி ஹெசலைட், ஒமேகா அக்ரிலிக்குக்கு வைத்த பெயர். அடிபட்டால் சஃபையர் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். விண்கலத்துக்குள் அந்தச் சில்லுகள் காற்றில் மிதந்து கண்ணிலும் கருவிகளிலும் புகுந்துவிடும். அக்ரிலிக்கோ விரிசல் விட்டாலும் பெரும்பாலும் ஒரே துண்டாக நிற்கும். இன்றைக்கும் அந்த நிறுவனம் ஒரே வாட்சை ஹெசலைட்டிலும் சஃபையரிலும் விற்கிறது. ஹெசலைட் கண்ணாடியின் நடுவில் லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிற அளவில் ஒரு சின்ன ஒமேகா முத்திரை இருக்கும்.

◆ அதே ஒமேகா 1932ல் 'மரீன்' என்ற முக்குளிப்பு வாட்சில் சஃபையர் கண்ணாடியைப் போட்டிருந்தது. சஃபையர் நேற்று வந்த நாகரிகம் என்று நினைப்பவர்களுக்காக.

◆ நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் குருந்தக்கல் இருப்பது இருநூறு ஆண்டுகளாகக் கனிமவியலாளர்களுக்குத் தெரியும். அங்குள்ள பாறை நிலாவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதை அரைத்துச் செயற்கை நிலா மண் தயாரித்து, சந்திரயான்-2 தரையிறங்கு கலத்துக்கு ஒத்திகை பார்த்தது இஸ்ரோ.

◆ இந்தப் பட்டியலில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இது. 1940ல் நடந்த வான்போரில் கார்டன் கிளீவர் என்ற பிரிட்டிஷ் விமானியின் விமான மூடி சிதறி, அக்ரிலிக் துணுக்குகள் கண்ணுக்குள் பாய்ந்தன. அவரையும் இப்படிக் காயம்பட்ட மற்ற விமானிகளையும் கவனித்த கண் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி ஒன்றைக் கண்டார்: வேறு பல பொருட்கள் உள்ளே போனால் சீழ்ப்பிடிக்கிற கண், அக்ரிலிக்கை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்கிறது. 1949ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், கண்புரை எடுத்த கண்ணுக்குள் அக்ரிலிக்கில் செய்த லென்ஸை முதன்முதலாக வைத்தார்.

பல ஆண்டுகள் அந்த லென்ஸ் வசதி படைத்தவர்களுக்கே கிடைத்தது. ஒன்றின் விலை 100 டாலர் அளவில் இருந்தது. மதுரையில் 1976ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் கிராமமான அயன் வடமலாபுரத்தில் பிறந்தவர். 1992ல் மதுரையிலேயே அரவிந்தின் லென்ஸ் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் தொடங்கப்பட்டு, லென்ஸ் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. அதன்பிறகு உப்பள வெயிலிலும் கடல் வெயிலிலும் கண் மங்கிய எத்தனையோ பேர் அந்த லென்ஸோடு வீடு திரும்பினார்கள். தாத்தாவின் ஜனதா கண்ணாடியும் பாட்டியின் கண்ணுக்குள் வைத்த அந்த லென்ஸும் ஒரே பொருள். அக்ரிலிக்கை 'வெறும் பிளாஸ்டிக்' என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை.

◆ மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாக மூச்சடக்கி இறங்கியவர்கள் தாங்கியது, 20 மீட்டரில், கரையில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு அழுத்தம். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக 1961ல் நடந்தது. 1973ல் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் சிப்பிக்குள் உருண்டை முத்து வளர்த்துக் காட்டியது. சங்கு குளிப்பு மட்டும் இன்னும் நிற்கவில்லை.

வாட்சின் முதுகில் '30 மீட்டர்' என்று எழுதியிருப்பதை நம்பி அதோடு பாருக்கு இறங்கக் கூடாது. அது அசையாத நீரில், ஆய்வகத்தில் பார்த்த அழுத்தம். நடைமுறையில் கை கழுவலாம், மழையில் நனையலாம், அவ்வளவுதான். முக்குளிப்பு வாட்ச் என்று சொல்லிக்கொள்ள உலகத் தரநிர்ணயப்படி குறைந்தது 100 மீட்டர் வேண்டும். சஃபையர் போட்டதாலேயே வாட்சுக்குள் தண்ணீர் போகாது என்பதும் தவறு. தண்ணீரைத் தடுப்பது கண்ணாடியைச் சுற்றியுள்ள வாஷர்.

◆ ஜனதாவுக்குச் சஃபையர் போடலாமா? ஆசை புரிகிறது, ஆனால் கூடு விடாது. பழைய கூடுகள் அக்ரிலிக்கின் வளையும் குணத்தை நம்பி வடிவமைத்தவை. ரிப்பேர் கடையில் கவனித்தால் தெரியும். கடைக்காரர் கூட்டின் வாயை அளந்து, அதைவிட ஒரு மயிரிழை பெரிய அக்ரிலிக்கை எடுப்பார். பல விரல்கள் கொண்ட ஒரு கவ்வியில் அதை வைத்துத் திருகுவார். விரல்கள் சுற்றிலும் இறுக்க, கண்ணாடி குவிந்து குறுகும். அப்படியே கூட்டின் பள்ளத்தில் இறக்கிவிட்டுத் திருகைத் தளர்த்துவார். கண்ணாடி விரிந்து 'டக்' என்று உட்கார்ந்துவிடும். பசையே வேண்டாம். சஃபையரை இப்படி ஒரு மயிரிழைகூடக் குறுக்க முடியாது, உடைந்துபோகும். அதற்கு நேரான சுவரும் நைலான் வாஷரும் உள்ள கூடு வேண்டும். மேலும் ஜனதாவின் குவிந்த அக்ரிலிக், பக்கவாட்டில் பார்க்கும்போது டயலின் விளிம்பை லேசாக வளைத்துக் காட்டும். அந்த வாட்சின் முகமே அதுதான். 1961ல் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. வாட்ச் பிரிவை 2016ல் மூட அரசு முடிவெடுத்தது. அக்ரிலிக் மட்டும் இன்னும் கிடைக்கிறது. கூலியோடு சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

◆ மெலிந்த வாட்ச் வேண்டுமென்றால் கதை மாறும். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து ஓசூரில் தொடங்கிய டைட்டன், 2002ல் வெளியிட்ட 'எட்ஜ்' மொத்தமே 3.5 மில்லிமீட்டர் தடிமன். அதில் சஃபையர். அக்ரிலிக்கை அவ்வளவு மெல்லிசாக, தட்டையாகப் போட்டால் அழுத்தும்போது வளைந்து முள்ளைத் தொட்டுவிடும்.

◆ யாருக்கு எது? துறைமுகத்தில் கன்டெய்னர் கட்டுகிறவர், கப்பலின் இரும்பு ஏணியில் ஏறி இறங்குகிறவர் என்றால் அக்ரிலிக். அங்கே வருவது அடி. சஃபையர் உடைந்தால் அதன் சில்லுகள் டயலைக் கீறி, பல்சக்கரங்களுக்குள்ளும் போய்விடும். கண்ணாடியோடு முழு சர்வீஸ் செலவும் சேரும். கடற்கரை மணலோடு பழகுகிறவருக்கும், அலுவலக மேசையில் கையை உரசிக்கொண்டே இருப்பவருக்கும், தினமும் ஒரே வாட்சைக் கட்டுகிறவருக்கும் சஃபையர். அப்பா கட்டிய பழைய சாவி வாட்சுக்கு அக்ரிலிக்கைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

◆ 'சஃபையர்' என்று சொல்லி மினரல் கண்ணாடியைக் கொடுப்பவர்கள் உண்டு. கத்தியால் கீறிப் பார்க்காதீர்கள், மினரலாக இருந்தால் உங்கள் வாட்ச்தான் வீணாகும். நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சஃபையரில் சொட்டு உருண்டு நிற்கும், மினரலில் பரவும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சஃபையர் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் சில்லென்று இருக்கும். அக்ரிலிக் வெதுவெதுப்பாக இருக்கும், நகத்தால் தட்டினால் மந்தமான ஓசை வரும். மேலே பூச்சு இருந்தால் தண்ணீர்ச் சோதனை ஏமாற்றும். அதனால் பில்லிலேயே 'சஃபையர்' என்று எழுதி வாங்குங்கள்.